ஆட்டம் மலையேறியது, ஆசான் ஏறவில்லை (ஊவா விளையாட்டு வரலாறு – 7)

சென்ற அத்தியாயத்தைத் தியத்தலாவையில் நிறுத்தியிருந்தோம். தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை அடைத்து வைக்க 1900ஆம் ஆண்டு அங்கே முகாம் திறக்கப்பட்டதையும், அந்தக் கைதிகளின் அணி ஒன்று 1901 ஜூலையில் கொழும்புக்கு இறங்கிப்போய்க் கோல்ட்ஸ் கழகத்தோடு கிரிக்கெட் ஆடித் தோற்றுத் திரும்பியதையும் பார்த்தோம். போர்க் கைதிக்குக்கூட ஆட்டமும் மைதானமும் கிடைத்த காலம் அது. அதே காலத்தில் அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலி-எல, பசறை மலைகளில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் வழி நேராகப் பதுளைக்குப் போகாது. அமெரிக்காவின் ஒரு சிற்றூர், சிக்காகோ, மெட்ராஸ், கொழும்பு என்று சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். விளையாட்டைச் சொல்லிக் கொடுப்பதைச் சம்பளமும் பதவியும் உள்ள உத்தியோகமாக ஆக்கியவர்களின் கதை அந்த வழியில்தான் கிடக்கிறது. அவர்களில் முதல்வர் ஒரு பல்கலைக்கழக உதைபந்துப் பயிற்சியாளர்.

பேராசிரியர் நாற்காலியில் ஒரு பயிற்சியாளர்

ஏமஸ் அலோன்சோ ஸ்டாக் 1862இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனது பாதிரியார் ஆவதற்காக. அங்கே பேஸ்போலில் பந்து வீசுபவராகவும் உதைபந்தில் சிறந்த வீரராகவும் பெயர் எடுத்தார். 1889இல் நாட்டின் மிகச் சிறந்த பதினொருவரைத் தெரிந்து முதன்முதலாக வெளியிட்ட பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. மேடையேறிப் பிரசங்கம் செய்வது மட்டும் அவருக்கு வரவில்லை. சொல்லால் செய்ய முடியாத ஊழியத்தை விளையாட்டால் செய்யலாம் என்று முடிவெடுத்தார்.

அமெரிக்கர்கள் உதைபந்து என்று சொல்வது நாம் ஆடும் உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, மோதி, விழுத்தி ஆடும் ஆட்டம் அது. ஊவாத் துரைமார் ஆடிய ரக்பிக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

யேலை விட்டு அவர் போன இடம் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட். வை.எம்.சி.ஏ. அங்கே நடத்திய பயிற்சிப் பாடசாலையில் 1890இல் சேர்ந்து, அந்த வருடமே அதன் உதைபந்து அணியையும் பழக்கினார். அவரது அணியில் மத்தியில் நின்று ஆடியவர் கனடாக்காரரான ஜேம்ஸ் நெய்ஸ்மித். பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்குக் கூரைக்குக் கீழே ஒரு ஆட்டம் வேண்டும் என்று பொறுப்பாசிரியர் லூதர் கூலிக் கேட்டுக்கொள்ள, 1891 டிசம்பரில் பீச் பழக் கூடைகள் இரண்டை ஆணியடித்து மாட்டிக் கூடைப்பந்தாட்டத்தை உண்டாக்கியவர் இந்த நெய்ஸ்மித்தான். 1892 மார்ச் 11ஆம் திகதி ஆசிரியர்களும் மாணவர்களும் பொதுமக்கள் முன் ஆடிய ஆட்டத்தில் மாணவர்கள் 5க்கு 1 என்று வென்றார்கள். ஆசிரியர் பக்கத்துக்குக் கிடைத்த அந்த ஒற்றைப் புள்ளி ஸ்டாக் போட்டது.

அதே ஆண்டு சிக்காகோவில் ரொக்கஃபெல்லரின் பணத்தில் ஒரு புதிய பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் யேலில் ஸ்டாக்குக்குப் பாடம் எடுத்தவர். பழைய மாணவனை அழைத்து அவர் கொடுத்த பதவிதான் நம் கதைக்கு முக்கியம். உடற்கல்வி, விளையாட்டுத் துறைக்கு ஸ்டாக் பணிப்பாளர். அதோடு இணைப் பேராசிரியர். வருடச் சம்பளம் 2,500 டொலர். வேலை நிரந்தரம், ஓர் ஆட்டத்தில் தோற்றால் மறுநாள் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

அதற்கு முன் அமெரிக்கக் கல்லூரிகளில் அணியைப் பழக்கியவர் பெரும்பாலும் அணித் தலைவரான மாணவர்தான். படித்து வெளியேறிய பழைய வீரர்கள் பருவ காலத்தில் வந்து உதவிவிட்டுப் போவார்கள். பயிற்சி என்பது ஒரு துறை, அதற்குத் தலைவர் உண்டு, அவர் கல்விச் சபையில் மற்றப் பேராசிரியர்களோடு உட்காருவார் என்பது யாரும் கேள்விப்படாத ஏற்பாடு. பின்னாளில் அமெரிக்கா முழுதும் பரவிய விளையாட்டுப் பணிப்பாளர் பதவிக்கு அங்கேதான் வித்து விழுந்தது.

முதல் பருவத்தில் பணிப்பாளரின் பாடு பரிதாபம். பல்கலைக்கழகமே புதிது; அணிக்கு ஆள் சேரவில்லை. முப்பது வயதுப் பணிப்பாளர் தானே சீருடை மாட்டிக்கொண்டு மாணவர்களோடு களத்தில் இறங்கி ஆடினார். பதின்மூன்று வருடம் கழித்து, 1905இல், அவர் பழக்கிய அணி மிச்சிகனை 2க்கு 0 என்று வீழ்த்தி நாட்டின் முதல் அணியாகப் பேசப்பட்டது.

அதே 1905இல் இந்த ஆட்டத்தில் அடிபட்டு இறந்த இளைஞர்களின் கணக்கு நாட்டையே உலுக்கியது. ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் தலையிட்டுக் கல்லூரிகளை அழைத்துப் பேசினார். மறு வருடம் பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்து விதிகள் மாறின. ஆள்மேல் ஆள் குவிந்து நசுக்கும் ஆட்டத்தில் ஓட்டமும் வீச்சும் சேர்ந்தன. அந்த விதிகளைத் திருத்திய குழுவில் பல காலம் இருந்தவர்களில் ஸ்டாக்கும் ஒருவர். தமது வீரர்கள் புகைக்கவும் குடிக்கவும் அவர் விடமாட்டார்; கெட்ட வார்த்தையும் பேசமாட்டார். கோபம் தலைக்கேறினால் அவர் வாயில் வரும் உச்சபட்ச வசை 'கழுதை' என்பதுதான்.

சிக்காகோவில் 41 பருவங்கள் இருந்தார். 1932இல் எழுபது வயது நிறைந்ததும் பல்கலைக்கழகம் அவரை ஓய்வுக்கு அனுப்பியது. அவர் ஓயவில்லை. மேற்குக் கரையில் பசிபிக் கல்லூரிக்குப் போய் 1933 முதல் 1946 வரை பழக்கினார். 81 வயதில், 1943இல், அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் என்ற விருது வாங்கினார். அதற்குப் பிறகும் பென்சில்வேனியாவில் மகன் பழக்கிய அணிக்குச் சில வருடம் துணை நின்றார். தலைமைப் பயிற்சியாளராக அவர் குவித்த 314 வெற்றிகள் என்ற கணக்கை மற்றொருவர் தாண்டியது 1981இல்தான். ஸ்டாக் இறந்தது 1965இல், 102 வயதில்.

அவர் போன பின் சிக்காகோ என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். படிப்புக்கு இந்த ஆட்டம் இடைஞ்சல் என்று நினைத்த தலைவர் ரொபர்ட் ஹட்சின்ஸ் காலத்தில், 1939இல், உதைபந்தையே கைவிட்டது. ஆளில்லாமல் கிடந்த ஸ்டாக் மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2ஆம் திகதி என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் அணு உலையை இயக்கியது. மைதானம் போயிற்று. ஆனால் ஸ்டாக் உட்கார்ந்த நாற்காலியின் மாதிரி அதற்குள் கடல் தாண்டி வந்துவிட்டது.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து சைதாப்பேட்டைக்கு

ஸ்பிரிங்ஃபீல்ட் பாடசாலை வீரர்களைத் தயாரித்ததைவிட, வீரர்களைத் தயாரிக்கும் ஆசிரியர்களைத் தயாரித்ததே அதிகம். அவர்களை உலகெங்கும் உள்ள தன் கிளைகளுக்கு வை.எம்.சி.ஏ. அனுப்பி வைத்தது. அப்படி 1919இல் மெட்ராஸில் வந்து இறங்கியவர் ஹாரி குரோ பக். 1884இல் பென்சில்வேனியா மாநிலத்தில் லிவர்பூல் என்ற சிற்றூரில் பிறந்தவர்.

வந்த மறு வருடமே, 1920இல், மெட்ராஸ் வை.எம்.சி.ஏ.யில் உடற்கல்விப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1930களில் சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றங்கரையில் பரந்த நிலத்துக்கு இடம் மாறி வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆயிற்று. தென்னாசியாவில் விளையாட்டு ஆசிரியர்களுக்கென்று எழுந்த முதல் கல்லூரி அது. நந்தனத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

அதுவரை மெட்ராஸ் மாகாணத்துப் பள்ளிகளில் இருந்தவர் 'டிரில் மாஸ்டர்'. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திக் கையைத் தூக்கு, காலை எடு என்று கட்டளை போடுவார். அவருக்குச் சம்பளமும் குறைவு, மதிப்பும் குறைவு. பக் அந்த இடத்தில் படித்துப் பட்டயம் பெற்ற ஆசிரியரைக் கொண்டுவந்து நிறுத்தினார். உடலமைப்பு, சுகாதாரம், ஆட்ட விதிகள், போட்டி நடத்தும் முறை எல்லாம் அவருக்குப் பாடம். விதிகளைத் தொகுத்துப் பக் வெளியிட்ட கைநூல் பல பதிப்புக் கண்டது. 'வியாயாம்' என்ற பெயரில் உடற்கல்விக்கென்றே ஒரு சஞ்சிகையும் நடத்தினார்.

அவருடைய பாடத்திட்டத்தில் கூடைப்பந்துக்குப் பக்கத்தில் சடுகுடுவுக்கும் இடம் இருந்தது. தண்டாலும் பஸ்கியும் இருந்தன. வெளிநாட்டு ஆட்டத்துக்கு ஒதுங்கி நிற்கும் பிள்ளை சொந்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் ஓடி வரும் என்பதைச் சீக்கிரமே புரிந்துகொண்ட வெள்ளைக்காரர் அவர்.

1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியா மெய்வல்லுநர் அணி ஒன்றை அனுப்பியது. டெல்லியில் நடந்த தெரிவுப் போட்டிகளில் தேறியவர்களை அழைத்துக்கொண்டு போனவர் பக். அந்த அணியில் தடை தாண்டி ஓடிய சி. கே. லட்சுமணன், அன்றைக்கு மெட்ராஸ் மாகாணத்தோடு இருந்த மலபார் மாவட்டத்தின் கண்ணூர்க்காரர். அதே பாரிஸில், அமெரிக்க அணியின் பயிற்சியாளர் குழுவில் ஸ்டாக் இருந்தார். ஸ்பிரிங்ஃபீல்டின் இரண்டு தலைமுறை ஆசிரியர்கள் ஒரே விளையாட்டு விழாவில் இரண்டு நாடுகளுக்காக நின்றார்கள்.

அதே 1924ஆம் ஆண்டை ஊவா வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. கொழும்பிலிருந்து மலையேறிய புகையிரதப் பாதை தெமோதரைச் சுற்றையும் தாண்டிப் பதுளையில் முடிந்த வருடம் அது. கொழும்பும் பதுளையும் ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளத் தண்டவாளத்தால் இணைந்தன. தேயிலைப் பெட்டி இறங்கியது. அரிசி மூட்டையும் ஆட்களும் ஏறினார்கள்.

பக் பழக்கிய பிள்ளைகளும் ஊவாத் தோட்டப் பிள்ளைகளும் ஒரே மாகாணத்து மண்ணின் வம்சம் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணி கூட்டிவந்த குடும்பங்கள் இவை. ஊரில் தங்கிய அண்ணன் மகனின் பள்ளிக்குப் பட்டயம் பெற்ற விளையாட்டு ஆசிரியர் மெல்ல மெல்ல வரத் தொடங்கினார். மண்டபம் முகாம் வழியாகக் கடல் கடந்து வந்த தம்பியின் மகனுக்கு?

கொழும்பில் கட்டிய வலை

அந்தக் காலத்து வை.எம்.சி.ஏ. தேசியக் கழகத்தின் எல்லை இந்தியா, பர்மா, இலங்கை மூன்றையும் சேர்த்தது. ஆகவே ஸ்பிரிங்ஃபீல்டின் காற்று கொழும்பிலும் அடித்தது. கொழும்பு வை.எம்.சி.ஏ.யின் உடற்பயிற்சிப் பணிப்பாளராக இருந்த வால்டர் கமாக் 1916இல் இந்தத் தீவுக்குக் கரப்பந்தாட்டத்தைக் கொண்டுவந்தார்.

கரப்பந்தும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த வில்லியம் மோர்கன், பக்கத்து ஊரான ஹோலியோக்கின் வை.எம்.சி.ஏ.யில் வேலை பார்க்கும்போது 1895இல் இதை உருவாக்கினார். கூடைப்பந்தில் இளைஞர்கள் ஓடி மோதினார்கள். வேலை முடிந்து வரும் நடுத்தர வயதுக்காரர்களுக்கு அவ்வளவு மூச்சு வாங்காத ஆட்டம் ஒன்று தேவைப்பட்டது. நடுவில் வலையைக் கட்டி இரு பக்கத்தையும் பிரித்துவிட்டால் மோதல் இல்லை. களைத்த உடம்புக்கென்றே பிறந்த ஆட்டம், நாள் முழுதும் மலையில் நின்று களைத்தவர்களிடம் வந்து சேர்ந்தது தற்செயலாகவே இருக்கட்டும். பொருத்தம் என்னவோ அசல் பொருத்தம்.

இந்த ஆட்டத்தை 1991இல் இலங்கை தன் தேசிய விளையாட்டாக அறிவித்தது.

ஏழு பேர்ச்சில் ஒரு மைதானம்

இன்றைக்குப் பசறைப் பக்கமோ, மடுல்சீமையிலோ, நமுனுகுல அடிவாரத்திலோ ஒரு தோட்டத்துக்குப் போனால் பின்னேரம் நாலரைக்கு மேல் இரண்டு கம்பத்துக்கு நடுவில் வலை தொங்குவதைப் பார்க்கலாம். ஏன் கரப்பந்து, ஏன் உதைபந்து இல்லை என்பதற்குக் கணக்கே விடை சொல்லும்.

உதைபந்தாட்டத்துக்கு 100 மீற்றர் நீளமும் 64 மீற்றர் அகலமும் வேண்டும் என்றால் ஒன்றரை ஏக்கருக்கு மேல் சமதரை வேண்டும். ஊவா மலையில் ஒன்றரை ஏக்கர் சமதரை என்றால் சரிவை வெட்டி மண்ணை நிரவ வேண்டும். சில ஆயிரம் தேயிலைத் தூர்களைப் பிடுங்க வேண்டும். எந்தத் துரை சம்மதிப்பார்? கரப்பந்துக்கு 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் போதும். 162 சதுர மீற்றர். அதாவது ஆறரை பேர்ச்சுக்கும் கொஞ்சம் குறைவு. தோட்டக் குடும்பத்துக்குத் தனிவீடு கட்ட அண்மைக் காலம் வரை ஒதுக்கப்பட்டுவந்த காணி ஏழு பேர்ச். ஒரு வீட்டுக் காணிக்குள் ஒரு தேசிய விளையாட்டே அடங்கிவிடுகிறது.

அந்த ஆறரை பேர்ச் பெரட்டுக்களத்தில் கிடைக்கும், கொழுந்து மடுவத்துக்கு முன்னால் கிடைக்கும், கோயில் முற்றத்தில் கிடைக்கும். எங்கும் கிடைக்காவிட்டால் இளைஞர்கள் மண்வெட்டியோடு இறங்குவார்கள். லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணைச் சரிவுப் பக்கம் கொட்டி, அது வழிந்து போகாமல் கல் அடுக்கி, மழைத் தண்ணீர் போக ஓரத்தில் கானு வெட்டி ஒரு தளம் எடுப்பார்கள். கம்பத்துக்குச் சவுக்கு மரம். கோடு போடச் சாம்பல் அல்லது சுண்ணாம்பு. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். பள்ளத்துப் பக்கம் நிற்கும் அணிக்கு இரட்டை வேலை: எதிரி அடிக்கும் பந்தையும் எடுக்க வேண்டும், கைதவறிப் போனால் மூன்று மலை கீழே இறங்கித் தேயிலைக்குள்ளும் தேட வேண்டும். பந்து கீழே போகாமல் காப்பாற்றுகிறவனுக்கு அடித்து வெல்கிறவனைவிடத் தோட்டத்தில் மரியாதை அதிகம். பந்தின் விலையும் இறங்கி ஏறும் தூரமும் தெரிந்தவர்கள் கொடுக்கும் மரியாதை.

மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் போட்டி, டிவிசனுக்கும் டிவிசனுக்கும் போட்டி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பக்கத்துத் தோட்டங்களைக் கூப்பிட்டு நடத்தும் போட்டி என்று ஆட்டம் மலையில் வேர்விட்டது. கமாக் கட்டிய வலையும் மோர்கன் நினைத்த ஆட்டமும் இங்கே முழுசாக வந்து சேர்ந்துவிட்டன. ஸ்டாக்கின் நாற்காலி மட்டும் வரவில்லை.

வராத உத்தியோகம்

தோட்டப் பாடசாலையின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத்தில் உள்ள ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. பக் மெட்ராஸில் தன் பாடசாலையைத் திறந்த அதே வருடம். அங்கே உடற்கல்விக்குத் தனி ஆசிரியரைத் தயாரிக்கிறார்கள். இங்கே எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரு ஆசிரியர் கிடைத்தாலே பெரிது. பல தோட்டங்களில் ஒரு கூரை, ஓர் அறை, ஒரு வாத்தியார். அவரே சில வகுப்புகளை ஒன்றாக வைத்து எழுத்தும் கணக்கும் சொல்லித் தருவார். பத்து வயது தாண்டினால் பிள்ளை பெரட்டுக்குப் போய்விடும்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அந்த ஓட்டத்தில் சேராமல் நிர்வாகத்தின் கையிலேயே தங்கின. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தது. எந்த நாட்டுப் பிள்ளை என்றே முடிவாகாத பிள்ளைக்கு விளையாட்டு ஆசிரியர் நியமிக்க யாருக்கு அவசரம்? தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1970களில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசு ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. சிக்காகோவில் ஸ்டாக் பதவி ஏற்று அதற்குள் எண்பது வருடம் ஓடியிருந்தது.

இதனால் நேர்ந்தது என்ன? திறமை இல்லாமல் போகவில்லை. மலையில் தினமும் ஏறி இறங்கி வளரும் பிள்ளைக்குக் காலில் வலு சின்ன வயதிலேயே வருகிறது. அந்த வலுவைப் பார்த்து, நீ ஓடு, நீ குதி, நீ பந்து வீசு என்று பிரித்துச் சொல்லும் கண் இல்லாமல் போயிற்று.

அந்தக் கண் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மலையகத்தில் ஒரு பெரிய சாட்சி உண்டு. முத்தையா முரளிதரனின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். மகன் முத்தையா கண்டியில் பிஸ்கட் தொழிலில் காலூன்றினார். பேரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரிக்குப் போனார். அங்கே முரளி முதலில் வீசியது மிதவேகப் பந்து. பதினான்கு வயதில் அவரைச் சுழல்பந்துக்கு மாறச் சொன்னவர் கல்லூரியின் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் என்று உலகம் சொல்லும் கணக்கு அந்த ஒரு யோசனையில் தொடங்கியது. முரளியின் மணிக்கட்டைப் பற்றி எழுதியவர்கள் ஆயிரம் பேர். அந்த மணிக்கட்டைப் பார்க்கக் கூடிய ஒருவர் அந்தக் கல்லூரியில் இருந்தார் என்பதை எழுதியவர்கள் குறைவு. பாட்டனாரோடு வந்து தோட்டத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பேரன்மாருக்கு அந்த ஒருவர் வாய்க்கவில்லை.

பதுளைக்கு வந்த பல்கலைக்கழகம்

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றி, பத்து வருடத்தில் பேராதனையில் குடியேறியது. காலப்போக்கில் நம் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றிலும் உடற்கல்விக்குத் தனிப் பிரிவும் அதற்குப் பணிப்பாளர் பதவியும் வந்தன. ஸ்டாக்குக்கு ஹார்ப்பர் கொடுத்த நாற்காலியின் இலங்கை வடிவம் இது. 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மாணவர் அணிகள், பயிற்சியாளர்கள், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் என்று அந்த உலகம் கடைசியில் பசறை வீதி வரை வந்து சேர்ந்தது.

ஆனால் பல்கலைக்கழகம் ஏணியின் மேல்படி. பிள்ளையின் உடம்பு வளைவதும் பழகுவதும் எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுக்குள். அந்த வயதுப் பிள்ளை தோட்டத்துப் பள்ளியில் இருக்கிறது. கீழ்ப்படியில் ஆசிரியர் இல்லாமல் மேல்படியில் பணிப்பாளரை மட்டும் வைத்துப் பயனில்லை என்பதை ஸ்டாக்கைவிட நன்றாக உணர்ந்தவர் பக். ஸ்டாக் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்தார். நாற்பத்தொரு வருடம் அதில் இருந்தார். அவர் எழுந்ததும் அந்தப் பல்கலைக்கழகம் ஏழு வருடத்தில் ஆட்டத்தையே மூடிவிட்டது. பக் ஒரு கல்லூரியைக் கட்டி, ஆசிரியர்களை ஊர் ஊராக அனுப்பினார். அவர் 1943இல் மெட்ராஸிலேயே இறந்தார். கல்லூரி நூறு வயதைத் தாண்டி நடக்கிறது. இருவரில் புகழ் பெரியவர் ஸ்டாக். நமக்குப் பாடம் பெரியது பக்கிடம்.

தேர்தல் வந்தால் தோட்டத்துக்குப் பந்து வருகிறது, வலை வருகிறது, முதுகில் பெயர் அச்சிட்ட ஜெர்சி வருகிறது. அடுத்த மழைக்குள் பந்து பிய்ந்துவிடும்; ஜெர்சி சாயம் போய்விடும். பந்து எங்கள் இளைஞர்கள் காசு சேர்த்தே வாங்கிக்கொள்வார்கள், மைதானத்தையும் அவர்களே வெட்டிக்கொள்வார்கள்; ஒரு நூற்றாண்டாக அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அவர்களால் செய்ய முடியாத ஒரே காரியம் நியமனக் கடிதம் எழுதுவது. ஆகவே அடுத்த தடவை வாக்குக் கேட்டு லயத்துப் படி ஏறி வருகிறவரிடம் ஊவாத் தோட்டத்துப் பெற்றோர் பந்து கேட்க வேண்டாம். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சி பெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவரை எந்த மாதம் அனுப்புவீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

(தொடரும்)